படத்தில் உள்ளவர்

கொடுத்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தால் கண் போகும் என்றாரா, கால் போகும் என்றாரா, ஏதோ ஒன்று போகும் என்று அப்பா சொன்னார், பாதிதான் நினைவிருக்கிறது. தொலைபேசியில் அன்றைக்கு இரைச்சல். அல்லது இரைச்சல் இருந்ததாகப் பதின்மூன்று வருஷமாக நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதுக்குக் கண்ணும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. பாரிஸிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு வந்து எட்டு மாதமாகிறது. அங்கிருந்து காரைக்காலுக்குக் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம், ஆனாலும் இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன், அதுவும் கலியமூர்த்தி வாத்தியார் என் கையெழுத்து வேண்டும் என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகு. வாசலில் நீலப் பலகை: எழுத்தாளர் தெய்வசிகாமணி பிறந்து வளர்ந்த இல்லம். அப்பாவின் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்தால் அது அப்பாவைக் குறிப்பதாகத் தோன்றவில்லை, ஏதோ பஸ் நிறுத்தத்தின் பெயர் போல இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிராமலே, "செருப்ப இங்கயே விட்டுடுங்க, எத்தனை சீட்டு?" என்றார். ஒன்று என்றேன். குரலிலோ எதிலோ சந்தேகப்பட்டு நிமிர்ந்தவர் என் முகத்தையும் பின்னால் சுவரில் மாட்டியிருந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயய்யோ, ஐயா மூக்கு! நீங்க பரிதி சார்தானே? பெத்த அப்பா வீட்டுக்குள்ள போகச் சீட்டு வாங்கறீங்களே, நல்லா இருக்கு நியாயம்!" மங்கையர்க்கரசி என்று பெயர் சொன்னார். ஐந்து வருஷமாக இந்த வீட்டைத் திறப்பது, கூட்டுவது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் அவர்தான். "வாத்தியாரு பதினோரு மணிக்கு வர்றேன்னாரு. அவரு பதினொண்ணு நம்ம பதினொண்ணரை. அதுவரைக்கும் சுத்திப் பாருங்க. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது, உங்களுக்குத் தெரியாததா?" தெரியாததா. கழற்றிய செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தேன். இன்னொரு தடவை குனிந்து மறுபடி சேர்த்து வைத்தேன்.

இந்த வீட்டில் நான் வாழ்ந்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே இது கைமாறிவிட்டது. அப்பா என்னைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார், வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, அதனால் எதையும் இரண்டு தடவை நினைக்கிற பழக்கம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை நினைக்கும்போது எப்போதும் கொஞ்சம் பொய் சேரும். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, அதை அவர் ஒரு நாளும் இப்படி மடித்து வைத்தவரில்லை. நாலு பேனா. யாரும் உட்காராமலிருக்கக் கயிறு கட்டிய சாய்வு நாற்காலி. பெட்டிக்குள் எப்படியோ புகுந்த ஓர் எறும்பு மூக்குக்கண்ணாடியின் வளைவில் ஏறி, முனைக்குப் போய், திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் எறும்பையே பார்த்தேன், ஏனென்றால் வலது பக்கச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியும். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள், மங்கையர்க்கரசி அவர்களிடம் ஆரம்பித்துவிட்டார், காதை மூடிக்கொள்ள முடியாது. "இது யாருன்னு சொல்லுங்க பாப்பம்?" "ஐயாவோட தங்கச்சியா?" "அதான் இல்ல. ஐயாவுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாது, ஒத்தப் புள்ள. இது ஐயாவேதான்! நாலு வயசு. வைத்தீஸ்வரன் கோயில்ல முடியெறக்கறதா வேண்டுதல், அதுவரைக்கும் கத்தி படக்கூடாது. எறக்கறதுக்கு முன்னாடி பாவாடை சட்டை போட்டு, சடை தச்சு, பூ வச்சு ஒரு படம் புடிச்சுக்குவாங்கள்ல, உங்க வீட்டுலயும் அண்ணன் தம்பிக்குப் புடிச்சிருப்பாங்களே?" "எங்கண்ணன் போட்டோ இருக்குக்கா, பொட்டும் வளையலுமா! காட்டுனா அடிக்க வருவான்." சிரிப்பு. "கைய பாருங்க, எடது கை. இறுக்கி மூடியிருக்கா? உள்ள பல்பம். படம் புடிக்கறப்பக்கூடக் கீழ வைக்கலயாம். அப்பவே எழுத்து!" அந்தப் பெண்களில் ஒருத்தி தலையைச் சாய்த்துப் பார்த்து, "பல்பமாக்கா? ஏதோ உருண்டையா இருக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள். மங்கையர்க்கரசி, "எழுத்தாளர் கையில வேற என்ன இருக்கும், எள்ளுருண்டையா?" என்றார். மறுபடி சிரிப்பு. நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டைதான். கோலி. பச்சை நிறம், உள்ளே ஒரு வெள்ளைச் சுழி. அதை என்னிடம் சொன்ன குரல் எழுபதைத் தொடுகிற கிழவியின் குரல். சொன்ன தமிழ் ஏழு வயதுத் தமிழ்.

வடிவாம்பாள். அத்தை என்று மனதுக்குள்கூடச் சொல்லிப் பழகவில்லை, கோப்பில் எழுதிய பெயராகவே வருகிறது. பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே என் அலுவலகம். நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளன், தமிழிலிருந்து பிரெஞ்சு. பிறப்பு, கல்யாணம், சாவு, சொத்து, எல்லாக் காகிதமும் என் முத்திரை பட்டால்தான் அங்கே உயிர் பெறும். அந்த வட்டாரத்தில் அப்படி இரண்டு பேர்தான் இருந்தோம், இன்னொருவர் வாரத்தில் மூன்று நாள் உடம்பு சரியில்லாதவர், அதனால் வடிவாம்பாள் என்னிடம் வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை, வராமலிருந்திருந்தால்தான் ஆச்சரியம். கம்பளிக் கோட்டு, ஆண்பிள்ளை போல் வெட்டிய நரை முடி. முதியோர் இல்லத்தில் சேரப் பிறப்புக்கு ஆதாரம் வேண்டும், சைகோனிலிருந்து கிளம்பியபோது போனதெல்லாம் போக இது ஒன்றுதான் மிச்சம் என்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். தமிழில் எழுதிய தத்துப் பத்திரம், 1950 ஐப்பசி. காரைக்கால் மேரியில், அதாவது நகரசபையில், எழுத்தர் ஐயாக்கண்ணு ஆகிய நான், சைகோனில் குடியிருக்கும் என் தமக்கைக்கும் அவள் கணவருக்கும் சந்தானம் இல்லாதபடியால், என்னுடைய குமாரன் தெய்வசிகாமணியை, அந்த இடத்தில் ஒரு கோடு, மேலே வேறு மையில் குமாரத்தி வடிவாம்பாளை, ஓரத்தில் ஐயாக்கண்ணுவின் சுருக்கொப்பம், மனப்பூர்வமாகத் தத்துக் கொடுத்தேன். என் தாத்தாவின் கையெழுத்து. என் அப்பாவின் பெயர் மேல் ஒரு கோடு. மருந்துக்கடையில் யாரோ கதவைத் திறக்க மணி அடித்தது, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை அடிக்கும், அன்றைக்கு இரண்டாவது மணி நெடுநேரம் கழித்து அடித்த மாதிரி இருந்தது. "மொதல்ல அண்ணனத்தான் கேட்டாங்க முசியே," என்றார் அவர், எல்லாரையும் முசியே என்றுதான் கூப்பிடுவார். "ஆம்பளப் புள்ள வேணும்னாங்க. அண்ணன் ஒளிஞ்சிக்கிச்சு. நெல்லு போடுற குதிர் இருக்குல்ல, அது உள்ள. எல்லாரும் தேடுனாங்க. எனக்கு மட்டும் தெரியும். குதிருக்குக் கீழ ஓட்டை இருக்கும், அதுலேர்ந்து கை நீட்டுச்சு. கோலி குடுத்துச்சு, பச்சைக் கோலி. சொல்லாத பாப்பான்னுச்சு. நான் சொல்லல." வளர்த்த அம்மா இரண்டே வருஷத்தில் போய்விட, பிறகு கன்னியாஸ்திரீகள் விடுதி, எல்லாம் பிரெஞ்சு, தமிழ் அத்தோடு நின்றுவிட்டது, பெரிய வார்த்தை எல்லாம் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். "அடுத்த நாள் என்னைப் போட்டோ புடிச்சாங்க. சடை இழுத்து இழுத்துத் தச்சாங்க, தாழம்பூ வேற வச்சு, தலை வலிச்சுச்சு. பின்னாடி பெரிய கண்ணாடி, சடை தெரியணும்னு. கையத் தொற தொறன்னாங்க. தொறந்தா கோலி தெரிஞ்சிடும்ல. கப்பல்ல தொலைச்சுட்டேன்." பிறகு கேட்டார்: "அந்தத் தெருவுல எங்க வூடு இருக்கா முசியே? அண்ணன் இருக்கா? நீங்க அந்தப் பக்கந்தானே?"

இடிச்சுட்டாங்கம்மா, என்றேன். அந்தத் தெருவுல இப்ப பழைய ஆளுங்க யாருமில்ல. ஏன் சொன்னேன் என்பதற்குப் பதின்மூன்று வருஷமாக ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறேன். அப்பா அப்போது உயிரோடிருந்தார், தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தில் முதல் வரியே தான் ஒற்றைப் பிள்ளை என்றுதான் வருகிறது, அந்த வரியைப் பள்ளிக்கூடப் பாடத்தில்கூட வைத்திருக்கிறார்கள். அது ஒரு காரணம், மரியாதையான காரணம். அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. இவர் என் அத்தை என்று ஒத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்க வேண்டும், மருத்துவமனை எண் கேட்டால் என் எண்ணைக் கொடுப்பார், இந்தச் சிரிப்பை வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். நான் அப்போதுதான் மணவிலக்கு ஆனவன், யாரும் என்னைக் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதானா? அவ்வளவுதான். அன்றைக்கு இரவு மொழிபெயர்ப்பை முடித்து, அடித்தல் திருத்தல் இருந்தால் அடைப்புக்குள் குறிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி, குறித்தேன்: ஒரு பெயர் அடிக்கப்பட்டுள்ளது, வாசிக்க இயலவில்லை. முத்திரை குத்தினேன். அச்சடித்தாற்போல் வாசிக்க முடிந்த பெயர் அது. மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக, உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருந்தாங்களாப்பா என்றேன். மூச்சு கேட்டது. அப்புறம் அந்தச் சொலவடை, கண்ணோ காலோ. அப்புறம், "அங்க குளிரெல்லாம் எப்படி? மஃப்ளர் போட்டுக்கறியா?" நான் போட்டுக்கொள்வதாகச் சொன்னேன். நாலு வருஷம் கழித்து அவருடைய எழுபத்தைந்தாவது வயதுக்குச் சிறப்பிதழ் போட்ட பத்திரிகை ஒரு சிறுவயதுப் படம் அனுப்பி உதவுமாறு கேட்டது. மேஜை இழுப்பறையில் ஆயுள் முழுக்க வைத்திருந்த படத்தை எடுத்து அனுப்பினார். பின்னால் எதுவும் எழுதவில்லை, இது யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் நம் வழக்கம் தெரிந்தவர்கள். முடியிறக்குமுன் பூச்சடையுடன் எழுத்தாளர் என்று அவர்களே போட்டார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது, புத்தக அட்டை, காலண்டர், இப்போது சிலை. அவர் மறுக்கவில்லை. மறைத்தாரா, அல்லது சொன்னாரா? இது நான் என்று பொய் சொன்னாரா, அல்லது கப்பலேறியிருக்க வேண்டியவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னாரா? பார்க்கக் கூடாது என்று சொன்னவர், இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார். இந்த இடத்தில் யோசனை ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, சட்டை முள்ளில் மாட்டியது போல, இழுத்தால் கிழியும்.

கால் தானாகப் பின்கட்டுக்கு வந்திருந்தது. குதிர் அங்கே நிற்கிறது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாணம் மெழுகியது, என் உயரத்துக்கு ஒரு சாண் கூடுதல். அட்டையில், எழுத்தாளர் வீட்டு நெற்குதிர். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஐப்பசியில் குதிர் காலியாக இருக்கும், தை அறுவடைக்குத்தான் நெல் வரும், ஒன்பது வயதுப் பையன் மேலே ஏறிக் குதித்தால் உள்ளே குந்திக்கொள்ள இடம் தாராளம். அடியில் நெல் வழித்தெடுக்கிற ஓட்டை, துணி அடைத்திருந்தார்கள். யாரும் இல்லை, மங்கையர்க்கரசியின் குரல் கூடத்தில் இருந்தது. தரையில் உட்கார்ந்தேன், முழங்கால் சொடுக்கியது, துணியை இழுத்தேன். கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. உள்ளே குளிர்ந்திருந்தது, உமி, தூசி, எப்போதோ செத்த ஏதோ பூச்சியின் ஓடு. சிகாமணி, சிகாமணி என்று கூப்பிட்டுக்கொண்டு காலடிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிருக்கும். கூப்பிடும்போது பயம் இருந்திருக்கும், ஆனால் கூப்பிடுகிற வரைக்கும் ஒரு கணக்குக்கு நிம்மதிதான், இன்னும் தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. அப்புறம் கூப்பிடுவது நின்றுவிட்டது. அதை நினைத்துத்தான் என் கை உள்ளேயே நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கு எப்போது புரிந்திருக்கும்? கூப்பிடுவது நின்று, கொஞ்ச நேரம் பேச்சு, பேனா எழுதுகிற சத்தம் குதிருக்குள் கேட்காது, ஆனால் மறுநாள் காலையில் சடை தைக்கும்போது அந்தப் பெண் வலிக்குது வலிக்குது என்று அழுதது கேட்டிருக்கும். வெளியே வந்தாரா, போகிறவளைப் பார்த்தாரா, அவள் மூடிய கையை ஆட்டினாளா. அப்பா எழுதிய நாற்பது புத்தகத்தில் எங்கேயும் குதிர் வராது. ஆறு வரும், மதகு வரும், நெல் அளக்கிற சத்தம் வரும், குதிர் வராது. அவள் சொல்லவில்லை. ஐந்து வயதில் ஒரு கோலிக்காகச் சொல்லாமலிருந்தாள், அதற்காகக் கடல் தாண்டினாள். அப்பா எழுபத்தெட்டு வயது வரைக்கும் சொல்லாமலிருந்தார். நான் யாரிடம் கோலி வாங்கினேன்? பொங்கலுக்குப் பொங்கல் வடிவாம்பாள் என்னைக் கூப்பிடுவார், தமிழில் பேச வேறு ஆளில்லை, இந்தத் தையிலும் கூப்பிட்டார், "நான் இன்னும் இருக்கேன் முசியே. எம்பது ஆயிடுச்சு. நீங்க ஊருக்குப் போறீங்களாமே, எங்க தெரு பக்கம் போனா ஒரு போட்டோ புடிச்சி அனுப்புங்க, சும்மா, தெரு மட்டும்." புறப்படுகிற அவசரத்தில் சரி என்றேன். எட்டு மாதம். உள்ளங்கையைத் திறந்து மூடினேன், குதிருக்குள் என் விரல் மண்ணை உரசுகிற சத்தம் வேறு யாரோ உரசுவது போல் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். மணிக்கட்டில் வெள்ளையாகத் தூசி. துணியை மறுபடி அடைக்கப் பார்த்தேன், சரியாக அடையவில்லை, அப்படியே விட்டேன்.

"உங்கப்பா கதையப் புரிஞ்சுக்கறதவிட உங்களப் புடிக்கறதுதான் தம்பி கஷ்டம்," என்று கூடத்திலிருந்து கலியமூர்த்தி வாத்தியார். எழுபது வயது, கக்கத்தில் ரெக்சின் பை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த வீட்டை மீட்டு நினைவில்லமாக்க அப்பா இருக்கும்போதே தொடங்கி ஆறு வருஷம் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியவர், அப்பாவின் வரிகளை என்னைவிட அதிகம் மனப்பாடமாக வைத்திருப்பவர், இவர் முகத்தைப் பார்த்தால் எதுவும் சொல்ல வராது. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஒரு படிவத்தை விரித்தார். "வாசல்ல அஞ்சடி பீடம், மேல பிள்ளை உருவம், வெண்கலம். சுவாமிமலையில வார்ப்புக்குச் சொல்லியாச்சு. ஸ்தபதி கேக்கறார், மூடுன கையில பல்பம் லேசா வெளிய தெரியட்டுமான்னு. தெரியட்டும்னுட்டேன், பார்க்கறவனுக்கு விளங்கணுமில்ல? சர்க்காருக்குப் படத்தோட வாரிசு சம்மதம் வேணும், அவ்வளவுதான். இங்க படத்தில் உள்ளவர் பெயர், இங்க கையொப்பமிடுபவருக்கு அவர் உறவுமுறை, கீழ கையெழுத்து. ஊருக்கே தெரிஞ்ச பேருதான், நான் நெரப்பலாம்னு பாத்தேன், வாரிசு கைப்பட எழுதணும்னுட்டான் ஆபீஸ்ல." பேனாவைத் திறந்தே கொடுத்தார். அப்போதுதான் வலது சுவரை நேராகப் பார்த்தேன், வந்ததிலிருந்து முதல் தடவையாக. அவள் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கிறாள், முகம் நம் பக்கம், சடை கண்ணாடிக்குள், அழுது முடித்த கண், இடது கை. நெற்றிக்கு நேரே சட்டத்தின் கண்ணாடியில் மங்கையர்க்கரசி வைத்த சந்தனம், குங்குமம். மேலே ஆணியிலிருந்து இரண்டு பக்கமும் தொங்குகிற கதம்ப மாலை, மரிக்கொழுந்து மணந்தது. தினமும் காலையில் இதைச் செய்கிறார்கள், ஐந்து வருஷமாக. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நான் படித்த பள்ளிக்கூடம் அப்படி, ஆனால் அவருக்கு எண்பது வயது, சார்செல்லில் இப்போது விடிந்துகொண்டிருக்கும், எழுந்து ஜன்னல் திரையை விலக்குவார். "அந்த மாலைய எடுத்துடுங்களேன்," என்றேன். "ஏன் சார், வாடலையே. காலைலதான் போட்டேன்." "பரவால்ல, எடுத்துடுங்க." மங்கையர்க்கரசி வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் என்னைப் பார்த்தார். "என்னா சார், உயிரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போட்டுட்ட மாதிரி இப்படிப் பதறுறீங்க?" என்று சிரித்தார் மங்கையர்க்கரசி. சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றது, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி மாலையைக் கழற்றினார், முந்தானையால் பொட்டையும் துடைத்தார், யாரும் துடைக்கச் சொல்லவில்லை. "தம்பி?" என்றார் வாத்தியார். ஸ்டூலில் படிவம் மின்விசிறிக் காற்றில் துடித்துக்கொண்டிருந்தது, ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன். பெயர் என்ற இடத்தில் வடிவாம்பாள் என்றும், உறவுமுறை என்ற இடத்தில் அத்தை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.